வானத்துப் படமும் பொய்ச்சாட்சியும்

(வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: யாத்திராகமம் 20:16, நீதிமொழிகள் 18:13, அப்போஸ்தலர் 17:11, சங்கீதம் 147:4)



இந்த வேதபாடத்தை ஒரு அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். பிரசங்க பீடத்தில் நின்று நான் ஒரு பொய்யைச் சொன்னேன். தெரிந்து சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள முயற்சி பண்ணாமல் சொன்னேன். அதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு வேதபாடம் நடத்த என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

2022-ஆம் வருஷக் கடைசி. அரியலூரில் நம்முடைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அன்று காலையில் என் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. கறுத்த வானத்தில் செம்பட்டு விரித்தாற்போல மேகங்கள். நடுவிலே நீலமும் வெண்மையுமாய் நட்சத்திரக் கூட்டம். கீழே, "நாசா விஞ்ஞானிகள் பரலோகத்தின் வாசலைப் படம் பிடித்துவிட்டார்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தது. நான் பத்துப் பேருக்கு அனுப்பவில்லை. அறுபது பேருக்கு முன்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பிரசங்கமே பண்ணிவிட்டேன். "பாருங்கள் தேவஜனமே, அவிசுவாசிகளும் கண்டுகொண்டார்கள்" என்றேன். ஜனங்கள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒரு விதவைத் தாயார் கிட்டே வந்தார்கள். அந்த வருஷம்தான் அவர்கள் புருஷனை அடக்கம் பண்ணியிருந்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, எங்க வீட்டுக்காரர் அந்த வெளிச்சத்துலதான் இருக்காரா?" என்று கேட்டார்கள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமாம்மா, அங்கதான்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு வாலிபத் தம்பி நின்றுகொண்டிருந்தான். கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பிள்ளை. தாழ்ந்த குரலில்தான் பேசினான். "பாஸ்டர் ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது பரலோகம் இல்லீங்க. டரன்டுலா நெபுலான்னு பேரு. நட்சத்திரம் உருவாகுற இடம். ரெண்டு மாசம் முன்னாடிதான் இந்தப் படம் வந்துச்சு" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாரும் கேட்கும்படி, "வேதத்தைவிட உனக்கு உன் படிப்பு பெரிசாப் போச்சா?" என்று அதட்டினேன். அவன் வேதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, அந்தப் படத்தைப் பற்றித்தான் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு போனவன், அடுத்த வாரம் வரவில்லை. மூன்று மாதமாய் வரவில்லை.

நான் பகலில் வே பிரிட்ஜ் என்று சொல்லும் எடைமேடையில் வேலை பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் லாரியைக் காலியாய் ஏற்றி ஒரு எடை, சரக்கோடு ஏற்றி ஒரு எடை. கழித்தால்தான் சரக்கின் எடை. ஒருநாள் ஒரு டிரைவர் அவசரமாய் வந்து, "காலி எடை நேத்துப் போட்டதுதாண்ணே, அப்படியே எழுதிக்குங்க" என்றார். நான் ஒரே பேச்சாய், "கண்ணால பாக்காம சீட்டு எழுத மாட்டேன் தம்பி" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை, ஆவியானவர் என் இருதயத்தில் குத்தினார். கல்லுக்கு இவ்வளவு கண்டிப்பாய் இருக்கிற நீ, பீடத்திலே எதை எடை போட்டுப் பேசினாய்? அன்று சாயங்காலமே அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அது என்னவென்று சொல்லிக்கொடு" என்றும் கேட்டேன். அவன் சொல்லிக்கொடுத்ததையும், அதற்குப்பிறகு நானே தேடிப் படித்ததையும் இப்போது உங்களுக்குச் சொல்லுகிறேன்.

1. அந்தப் படம் எது?

நம்முடைய சூரியனும் இரவில் கண்ணால் காண்கிற நட்சத்திரங்களும் பால்வெளி மண்டலம் என்கிற ஒரே பெரிய நட்சத்திரக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதற்குப் பக்கத்து வீடு மாதிரி சின்ன நட்சத்திர மண்டலங்கள் சில உண்டு. அதில் ஒன்று பெரிய மெகல்லன் மேகம். அந்தப் பக்கத்து மண்டலத்துக்குள் இருக்கிற மிகப் பெரிய வாயு மேகம்தான் டரன்டுலா நெபுலா. டரன்டுலா என்றால் ஒருவகைப் பெரிய சிலந்தி. மேகத்தின் இழைகள் சிலந்திக் கால்களைப்போல நீண்டிருப்பதால் இந்தப் பெயர். இதன் குறுக்களவு ஏறக்குறைய 1,000 ஒளியாண்டு. ஒளி ஒரு வினாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு வருஷம் முழுவதும் ஓடினால் எவ்வளவு தூரமோ அதுதான் ஒரு ஒளியாண்டு. அதாவது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இதை நட்சத்திரம் அல்ல, மேகம் என்று முதலாவது எழுதி வைத்தவர் பிரான்ஸ் தேசத்து லக்காய். அவரும் ஒரு சபை ஊழியர்தான். 1751-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய்த் தெற்கு வானத்தை ஒவ்வொரு இரவும் உட்கார்ந்து கணக்கெடுத்தார். கண்டதை எழுதினார், காணாததை எழுதவில்லை.

இந்த மேகம் நம் ஊர் வானத்திலும் உண்டு என்று தம்பி சொன்னபோது எனக்கு ஆச்சரியமாய் இருந்தது. லண்டனில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பெரம்பலூர் தெற்கே இருப்பதால் நமக்கு வருகிறது. ஜனவரி கடைசியில் இரவு 9 மணிபோல, மூன்று நட்சத்திரம் வரிசையாய் நிற்கிற மிருகசீரிஷம் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். யோபு 38:31-ல் பெயர் வருகிறதே, அதே மிருகசீரிஷம்தான். அங்கிருந்து நேர் தெற்கே கீழே இறங்கி வாருங்கள். கையை நீட்டி மடக்கிப் பிடித்த ஒரு முஷ்டி உயரத்தில், அடிவானத்துக்கு மேலே, அந்தப் பக்கத்து மண்டலம் இருக்கிறது. நானும் தம்பியும் ஒருநாள் ஏரிக்கரையில் நின்று பார்த்தோம். புழுதியும் விளக்கு வெளிச்சமும் அடிவானத்தை மூடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது அங்கேதான் இருந்தது.

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு ஊர். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கிகள் இருக்கின்றன. வடக்கு வானம் மட்டுமல்ல, தெற்கு வானமும் நன்றாய்த் தெரியவேண்டும் என்பது அந்த இடத்தைத் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம். 1987 பிப்ரவரியில் இந்தச் சிலந்தி மேகத்தின் ஓரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்த இப்படிப்பட்ட வெடிப்பு 1604-க்குப் பிறகு அதுதான். காவலூரில் இருந்தவர்களும் அடிவானத்தில் தாழ இருந்த அந்த வெளிச்சத்தைப் பிடித்து, நிறம் நிறமாய்ப் பிரித்துப் பதிவு பண்ணினார்கள்.

2. தூசிக்குள் நடக்கிற வேலை

நட்சத்திரம் எப்படி உருவாகிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்லுகிறேன். வெளியிலே பரந்து கிடக்கிற வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன். அதோடு தூசியும் கலந்திருக்கும். சில இடங்களில் இது அடர்ந்து, கறுத்து, பூஜ்யத்துக்குக் கீழே 250 டிகிரிக்கும் அதிகமாய்க் குளிர்ந்து கிடக்கும். தன் சொந்த ஈர்ப்பினாலே அது உள்ளே உள்ளே சுருங்கும். சுருங்கச் சுருங்க நடுப்பகுதி சூடாகும். வெப்பம் ஏறக்குறைய 1 கோடி டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாக ஆரம்பிக்கும். அப்போதுதான் அது நட்சத்திரம். நம் சூரியனைப் போன்ற ஒன்று இப்படி முழுசாய் உருவாகி நிலைப்பதற்குச் சில கோடி வருஷங்கள் பிடிக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால், பிறக்கிற இடம் முழுவதும் தூசி. சாதாரண வெளிச்சம் அதைக் கடந்து வராது. 1990 ஏப்ரல் 24-ல் அனுப்பப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி இந்த மேகத்தை அருமையாய்ப் படம் எடுத்தது. ஆனாலும் அடர்ந்த தூசிக்கு உள்ளே இருப்பதெல்லாம் அதற்குப் புலப்படவில்லை. அதற்காகவே வெப் என்கிற இன்னொரு தொலைநோக்கியை 2021 டிசம்பர் 25-ல், கிறிஸ்துமஸ் அன்றைக்கு, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து அனுப்பினார்கள். அதன் கண்ணாடி 6.5 மீட்டர் அகலம். பொன் பூசிய 18 துண்டுகள் சேர்ந்தது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று பார்க்கிறது. அது பார்ப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை. அடுப்பை அணைத்த பிறகும் கல்லின்மேல் கை வைக்காமலே சூடு தெரிகிறதே, அந்த ஜாதி வெளிச்சம். அது தூசியைக் கடந்து வரும்.

வெப் எடுத்த டரன்டுலா படம் 2022 செப்டம்பர் 6-ல் வெளியானது. அதுவரை தூசிக்குள் மறைந்திருந்த ஆயிரக்கணக்கான இளம் நட்சத்திரங்கள் அதில் தெரிந்தன. நடுவில் இருக்கிற நட்சத்திரக் கூட்டத்தில், நம் சூரியனைப்போல 100 மடங்குக்கு மேல் நிறையுள்ளவையும் உண்டு. அவற்றின் உக்கிரமான கதிர்வீச்சும் காற்றும் சுற்றியுள்ள வாயுவைத் தள்ளி ஒரு குகையையே குடைந்திருக்கிறது. அடர்த்தியான இடங்கள் மட்டும் கரையாமல் தூண்களாய் நிற்கின்றன. அந்தத் தூண்களுக்குள்ளே இன்னும் நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. நான் "வாசல்" என்று சொன்னது இந்தக் குகையைத்தான்!

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சிவப்பும் நீலமும் நம் கண் காண்கிற நிறம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு மனுஷர் ஒரு ஒழுங்கின்படி கொடுத்த நிறம். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, படத்தோடுகூடவே சொல்லியிருக்கிறார்கள். வாசிக்காமல் விட்டது நான்.

என்னைத் தொட்ட காரியம் ஒன்று உண்டு. அந்த மேகத்தில் ஒரு இளம் நட்சத்திரத்தை, கொஞ்சம் வயதானது, தன்னைச் சுற்றியுள்ள தூசியை ஏற்கனவே விலக்கிவிட்டது என்று விஞ்ஞானிகள் எண்ணியிருந்தார்கள். வெப் பார்த்தபோது அது இப்போதுதான் தூசித் தூணிலிருந்து எட்டிப் பார்க்கிற பிள்ளை என்று தெரிந்தது. "முன்பு நினைத்தது சரியல்ல" என்று வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அதனால் மானம் போகவில்லை. ஒரு தம்பி திருத்தினதை ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது.

3. பழைய வெளிச்சமும் நம்ம ஊர்க் கல்லும்

சந்திரனிலிருந்து வெளிச்சம் வர ஒரு வினாடிக்குச் சற்று மேல் ஆகும். சூரியனிலிருந்து 8 நிமிஷத்துக்கு மேல். இந்தச் சிலந்தி மேகத்திலிருந்து வர சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் வருஷம். ஆகவே அந்தப் படம் இன்றைய படம் அல்ல, அவ்வளவு காலத்துக்கு முன் புறப்பட்ட வெளிச்சத்தின் படம்.

இதைச் சொன்னபோது தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஐயா, உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்னு சண்டே ஸ்கூல்ல படிச்சேனே, அப்ப இது எப்படிங்க?" இந்தத் தடவை நான் அதட்டவில்லை. அந்த ஆறாயிரம் எங்கேயிருந்து வந்தது என்று தேடினேன். அயர்லாந்து தேசத்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல், வேதத்திலுள்ள வம்ச வரலாறுகளையும் ராஜாக்களின் வருஷங்களையும் வைத்து, சிருஷ்டிப்பு கி.மு. 4004 என்று கணக்குப் போட்டார். பிற்பாடு இங்கிலீஷ் வேதாகமங்களின் ஓரத்தில் அந்த வருஷத்தை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்ததை ஜனங்கள் வசனம்போலவே எடுத்துக்கொண்டார்கள். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தை எத்தனை தரம் வாசித்தாலும் அதில் 4004 என்கிற எண் இல்லை.

வானம் தூரம் என்றால், நம் காலடியைப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940-ல் புவியியல் ஆய்வாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து சொன்னார். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன் கடலில் வந்து புதைந்து கல்லான மரம் என்கிறார்கள். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லே ஒரு பழைய கடல் விட்டுப்போனதுதான். அதில் சிப்பியும் நத்தைச் சுருளும் கல்லாய்க் கிடைக்கின்றன. அந்தக் கல்லைத்தான் நான் தினமும் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டில் கிடக்கிற கல்லும், பக்கத்து மண்டலத்து வெளிச்சமும் ஒரே காரியத்தைச் சொல்லுகின்றன: காலம் நாம் நினைத்ததைவிட மிக நீளம். இதனால் என் விசுவாசம் குறையவில்லை. சிருஷ்டிகர் அவசரப்படுகிறவர் அல்ல என்று கற்றுக்கொண்டேன். சங்கீதம் 147:4-ஐ எடுத்து வாசியுங்கள். இத்தனையும் அறிந்தபிறகு வாசிக்கும்போது அந்த வசனம் சின்னதாகவில்லை, பெரிதானது.

4. பொய் எங்கேயிருந்து வந்தது?

தொலைநோக்கி பரலோகத்தைக் கண்டது என்கிற கதை புதிசு அல்ல. ஹபிள் கண்ணாடியில் ஒரு பிழை இருந்தது. விண்வெளி வீரர்கள் போய் 1993 டிசம்பரில் அதைச் சரிசெய்தார்கள். 1994-ல் அமெரிக்காவில் 'வீக்லி வேர்ல்டு நியூஸ்' என்கிற, வேடிக்கையும் கற்பனையும் அச்சிட்டு விற்கிற பத்திரிகை, ஹபிள் பரலோக நகரத்தைப் படம் பிடித்தது என்று போட்டது. அந்த நாட்டில் அதைக் கடைவாசலில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள் அநேகர். ஆனால் அது கைமாறிக் கைமாறி, சபைகளுக்கு வரும்போது சாட்சியாகிவிட்டது. இன்று படம் மாறுகிறது, செல்போன் மாறுகிறது. கதை அதேதான்.

இதில் கேடு என்ன என்று கேட்பீர்கள். "நல்லதுக்குத்தானே பாஸ்டர், ஜனங்க சந்தோஷப்படுறாங்க" என்று ஒரு மூப்பரே என்னிடம் சொன்னார். பொய்ச்சாட்சி வேண்டாம் என்கிற கட்டளையில் "நல்லதுக்கானால் சொல்லலாம்" என்று ஒரு விதிவிலக்கு இல்லை. கர்த்தருக்கு நம்முடைய பொய்யின் ஒத்தாசை தேவையும் இல்லை. படத்தில் பொய் சொன்னவன் கல்லறையைக் குறித்துச் சொல்வதை மாத்திரம் எப்படி நம்புவது என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால் நான் என்ன உத்தரவு சொல்லுவேன்?

5. அந்தத் தாயாரின் வீட்டில்

எல்லாவற்றிலும் கடினமானது அதுதான். அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். சுவரில் புருஷனின் படம், மாலை இல்லை, பக்கத்தில் இந்தச் சிலந்தி மேகம். காப்பி போட்டுக் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை. "அம்மா, நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். அது பரலோகம் இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தினமும் அதைப் பாத்துத்தான் ஐயா ஜெபம் பண்ணினேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். இன்னும் என் காதில் இருக்கிறது.

படத்தைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "அப்ப இது என்னங்க ஐயா?" என்று கேட்டார்கள். மேலே உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். குளிர்ந்த தூசி, சுருங்குவது, பற்றிக்கொள்வது எல்லாம். கவனமாய்க் கேட்டுவிட்டு, "அவ்வளவு இருட்டுக்குள்ளயா உண்டாகுது? ஆண்டவர் இன்னும் வேலை செஞ்சுகிட்டுத்தான் இருக்காரா?" என்றார்கள். "ஆமாம்மா" என்றேன். இந்த ஆமாம் நான் யோசித்துச் சொன்ன ஆமாம். படம் இன்றைக்கும் அந்தச் சுவரில் இருக்கிறது. கீழே, "டரன்டுலா நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கிற இடம்" என்று தம்பி எழுதிக்கொடுத்திருக்கிறான். ஜெபம் மட்டும் இப்போது கண்ணை மூடிப் பண்ணுகிறார்கள்.

6. நாம் செய்ய வேண்டியது

பிரியமானவர்களே, பவுல் பிரசங்கித்ததையே சரிதானா என்று சோதித்துப் பார்த்தவர்கள் பெரோயா பட்டணத்தார். அதற்காக வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, மெச்சுகிறது. ஆகவே ஒரு செய்தி வந்தால் எடைமேடையில் ஏற்றுங்கள். முதலாவது, யார் சொன்னார்? பெயர், ஊர், தேதி உண்டா? இரண்டாவது, படத்தை எடுத்தவர்களே அதைப்பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்? மூன்றாவது, சபையிலே அந்தப் படிப்புப் படித்த பிள்ளை யாராவது உண்டா? வெட்கப்படாமல் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் உத்தரவு இல்லாவிட்டால் அனுப்பாதிருங்கள். பீடத்தில் நிற்கிற என்னைப் போன்றவர்கள் இரண்டு மடங்கு எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை கேள்வி கேட்டால் அது பின்மாற்றம் அல்ல. கேட்டு முடிக்கும் முன்னே உத்தரவு சொல்லுகிறவனைக் குறித்து நீதிமொழிகள் 18:13 என்ன சொல்லுகிறது என்று வாசியுங்கள். அது எனக்காக எழுதப்பட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தம்பி திரும்பி வந்துவிட்டான், ஸ்தோத்திரம். வருகிற ஜனவரி அமாவாசையை ஒட்டி, விளக்கும் புழுதியும் குறைந்த ஒரு இடத்தில் வாலிபர் கூட்டம் வைத்து வானத்தைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறான். எனக்கும் ஒரு பைனாக்குலர் இரவல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தெரிந்தால் தெரிந்தது என்று சொல்லுவேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுவேன்.

வீட்டு ஜெபத்தில் தியானிக்க:

1. நான் சோதித்துப் பார்க்காமல் மற்றவர்களுக்குச் சொன்ன செய்தி எது? அதை யாரிடம் போய்த் திருத்த வேண்டும்?

2. என் வீட்டில் கேள்வி கேட்டதற்காக நான் அதட்டின பிள்ளை யார்?

3. சங்கீதம் 147:4-ஐ இரவில் வீட்டு வாசலில் நின்று, வானத்தைப் பார்த்து வாசியுங்கள்.

சத்தியத்தின் தேவன் தாமே உங்கள் நாவையும் என் நாவையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.